போர்மேன் காணாத முதல் நடை

குழந்தைகள் ஒழுங்காக வளர்கிறார்களா என்று மேற்பார்வை பார்க்க ஒரு போர்மேன் இருந்த தெரு, இந்த உலகத்திலேயே எங்கள் தெரு ஒன்றுதான். இரணியல் ஸ்டேஷனுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து வீடுகள். அவருடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரியும். எங்களுக்கு அவர் போர்மேன்.

இருபத்தெட்டு வருடம் வளைகுடாவில் கட்டிட வேலையாட்களை மேய்த்துவிட்டு ஊர் திரும்பியவர். இங்கே அவர் அதட்டுவதற்கு ஆளில்லை. அந்த நேரம் பார்த்து எங்கள் தெருவில் ஒரே வருடத்தில் நாலு பிரசவம். மனிதருக்கு மறுபடியும் வேலை கிடைத்துவிட்டது. காலை ஒன்பது மணிக்குக் காதில் பென்சில், சட்டைப் பையில் அளவு டேப், கையில் டைரியோடு வீடு வீடாக இன்ஸ்பெக்ஷன் கிளம்புவார். "கழுத்து நின்னாச்சா? கவுந்தாச்சா? பல்லு எத்தற?" என்று வாசலிலேயே விசாரணை. பதிலெல்லாம் தேதி போட்டு டைரியில் ஏறும்.

எங்கள் தெருவில் குழந்தை முதன்முதலாகக் குப்புற விழுந்தால் கொழுக்கட்டை அவித்து வீட்டுக்கு வீடு கொடுப்பார்கள். டீச்சர் வீட்டுப் பையன் ஐந்து மாதமாகியும் மல்லாந்தே கிடந்தான். போர்மேனால் பொறுக்க முடியவில்லை. "இப்பிடிப் பாருலே மக்கா" என்று பக்கத்தில் பாயை விரித்துப் படுத்து, தானே உருண்டு காட்டினார். இடுப்பு பிடித்துக்கொண்டது. நாலு பேர் சேர்ந்து தூக்கி நிறுத்தினோம். அந்தக் களேபரத்தை வேடிக்கை பார்க்கும் ஆசையில் பையன் சட்டென்று கவிழ்ந்துவிட்டான். தைலம் பூசிக்கொண்டு படுத்தபடியே ஏழு கொழுக்கட்டை தின்ற போர்மேன், "நாம கை வச்ச சோலி பாக்கி நின்னதில்ல, கேட்டியா?" என்றார்.

என் மகள் ஜெனியிடம் மட்டும் அவர் பாச்சா பலிக்கவில்லை. ஏழாம் மாதத்திலும் உட்கார வைத்தால் இடது பக்கம் சாய்ந்துவிடுவாள். ஒருநாள் ரசமட்டத்தோடு வந்து சேர்ந்தார். தரை சமமாக இருக்கிறதா என்று கொத்தனார்கள் வைத்துப் பார்ப்பார்களே, அதுதான். என் வீட்டு ஹாலில் அதை வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "பிள்ளைக்குக் குத்தமில்ல மக்களே. தரை சரிவு" என்று தீர்ப்புச் சொன்னார்.

அடுத்த வாரம் தீர்ப்பு மாறியது. "எதிர்வீட்டுப் பிள்ள கான்கிரீட் முடிஞ்சு பூச்சு வேலைக்கு வந்தாச்சு. உனக்க பிள்ள இன்னும் அஸ்திவாரத்துல கிடக்கு."

"டாக்டர் சொல்லியாச்சு மாமா. ஒவ்வொரு பிள்ளையும் அதது நேரத்துலதான் செய்யுமாம்."

"டாக்டருக்கென்ன? அவரு சைட்டுக்கு வந்தா பாக்காரு?"

எனக்கு ஏற்கெனவே உள்ளூரப் பயம். கோபத்தில் கதவை அடித்துச் சாத்தினேன். ஜன்னல் வழியாக, "பல்லு எத்தறன்னு சொல்லல்லியே?" என்று குரல் வந்தது.

எட்டாம் மாதம் ஜெனி தானாகவே உட்கார்ந்தாள். அதன்பின் பிடித்தாள் பாருங்கள் வேகம்! பதினொன்றாம் மாதம் நாற்காலியைப் பிடித்து எழுந்து, ஒரு கையை விட்டுப் பார்க்க ஆரம்பித்தாள். அப்போது பார்த்து, மஸ்கட்டில் இருக்கும் என் கணவர் செல்வினுக்கு லீவு பத்து நாள் தள்ளிப் போனது. ஜெனிக்கு நாற்பது நாள் ஆனபோது போனவர். அவள் கவிழ்ந்தது, பல் முளைத்தது எல்லாம் போனில்தான் பார்த்தார். "முதல் நடையாவது நேருல பாக்கணும்ட்டி" என்று தினமும் புலம்புவார்.

இதை நான் போர்மேனிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அன்றோடு மனிதர் தலைகீழாக மாறிவிட்டார். ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் விரட்டி விரட்டி வளர்த்தவர், ஜெனி எழுந்தால் போதும், "இரி மக்கா, இரி" என்று பிடித்து உட்கார வைத்தார். டேப்பை நீளமாக இழுத்து விடுவார். அது விருட்டென்று உள்ளே ஓடுவதைப் பார்க்க அவள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்திருப்பாள்.

"என்ன மாமா, வேலைய நிப்பாட்டிட்டீங்க?"

"அவன் வரட்டு."

"வீடியோ எடுத்து அனுப்பினா போதாதா?"

டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "எனக்க மூத்தவன் நடந்தது கடுதாசியில வந்துது. ரெண்டாமத்தவ நடந்தது போன்ல வந்துது. மூணாமத்தவன் எப்பம் நடந்தான்னு கேக்கவே விட்டுப்போச்சு. லீவுக்கு வந்தப்பம் மூணும் என்னக் கண்டு ஓடிச்சு. நல்லாத்தான் ஓடிச்சு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

செல்வின் வருவதற்கு முந்தின நாள் காலை. நான் அடுக்களையில் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தேன். ஹாலில் ஜெனியும் போர்மேனும். தற்செயலாக எட்டிப் பார்த்தபோது ஜெனி நாற்காலியை விட்டுவிட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நேராகப் போய் அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

போர்மேன் தன் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு திருட்டு முழியோடு அடுக்களைப் பக்கம் திரும்பினார். நான் மீன் கையோடு பிரிட்ஜுக்குப் பின்னால் ஒளிந்தேன். பேச்சே வராத பிள்ளையிடம் அவர் ரகசியம் சொல்வது கேட்டது. "நான் ஒண்ணும் காணல்ல, கேட்டியா? நாளைக்கு அப்பன் வருவான். அப்பம் நட. ஆருட்டயும் பறையாத."

மறுநாள் செல்வின் வந்தார். அவரைக் கண்டதும் ஜெனி வீறிட்டு அழுதாள். ஒரு மணி நேரம் ஆகியும் ஓயவில்லை. பெட்டியைக்கூடத் திறக்காமல், முகம் செத்துப்போய் அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் போர்மேன் வந்தார். செல்வினுக்குப் பின்னால் போய் நின்று, அவர் தோளுக்கு மேலாக டேப்பை இழுத்து ஆட்டினார். அழுகை நின்றது. ஜெனி என் நைட்டியை விட்டுவிட்டு டேப்பைப் பார்த்து ஏழு அடி நடந்தாள். நடுவில் அப்பா இருந்தார். வாரி எடுத்துக்கொண்டார். இந்த முறை அழுதது அவர்.

"நடந்துட்டா! முதல் நடை!" என்று போர்மேன் போட்ட கூச்சல் ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும். டைரியை செல்வின் கையில் கொடுத்து, "தேதிய நீயே எழுது மக்கா" என்றார்.

அத்தனை வருட சர்வீஸில் தான் ஒரு பொய்கூட எழுதியதில்லை என்று பெருமையடித்துக்கொள்ளும் மனிதர் அவர். அந்த டைரியில் ஒரு தேதி பொய். அதற்காகவே அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும். செல்வினுக்குப் பத்திரிகை வாசிக்கும் பழக்கமில்லை என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன். யாராவது படித்துக் காட்டி, அவர் வந்து கேட்டாலும் என் பதில் தயார். நான் ஒண்ணும் காணல்ல.