என் மரபணுவின் மகிமை

நாகரிகம் தோன்றிய நாள்முதல் மனிதகுலம் தேடிக்கொண்டிருந்த உத்தம உடம்பு, குடிநீர் வாரிய அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், கோப்புப் பிரிவில், ஒரு கால் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. அது என்னுடையது. தற்பெருமை என்று யாரும் நினைக்க வேண்டாம். ரத்தப் பரிசோதனை அறிக்கை கைவசம் இருக்கிறது.

எங்கள் அலுவலகத்துக்கு ஓர் ஆராய்ச்சி டாக்டர் வந்தார். சிகரெட் பிடிப்பவர்களின் செல்கள் எவ்வளவு சேதமாகின்றன, எவ்வளவு சீக்கிரம் கிழடு தட்டுகின்றன, அதில் பரம்பரைக்கு என்ன பங்கு என்பதெல்லாம் அவருடைய ஆராய்ச்சி. பிடிப்பவர்கள் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. சீனியாரிட்டிப்படிதான். ஒப்பிட்டுப் பார்க்கப் பிடிக்காதவர்களும் வேண்டும் என்றார். உடனே என் மனைவியின் ரத்தத்தைக் கொடுத்தேன். அறிவியலுக்காக எந்தத் தியாகத்துக்கும் தயங்காதவன் நான்.

ஒரு மாதம் கழித்து டாக்டர் கூப்பிட்டார்.

"சார், புகை செல்லுக்குள்ள போய் டி.என்.ஏ.வைக் கிழிக்குது. கிழிஞ்சதைத் தைக்க உடம்புலயே ஒரு ஏற்பாடு இருக்கு. அது ஆளுக்கு ஆள் மாறும். உங்களுக்கு நல்லா வேலை செய்யுது. வயசு ஐம்பத்து மூணு. செல்லைப் பார்த்தா ஐம்பதுதான் சொல்லலாம். ஆனா..."

அந்த "ஆனா"வுக்குப் பிறகு கால்மணி நேரம் பேசினார். முக்கியமானதாக எதுவும் இருந்திருக்காது.

வெளியே வந்ததும் ஒன்று பற்றவைத்தேன். ஆசைக்காக அல்ல. அறிவியலுக்குச் செய்யும் மரியாதை.

அன்றுமுதல் எங்கள் பின்பக்க மாடிப்படி "ஆய்வரங்கம்" ஆயிற்று. புகழுக்கும் புகைக்கும் முதலெழுத்து ஒன்றுதானே? எனக்கு இரண்டும் சேர்ந்தே வந்தன. பக்கத்து மேஜைத் தட்டச்சர் இருமிக்கொண்டே ஆலோசனை கேட்க வந்தார்.

"அண்ணே, விட்டுடலாம்னு பார்க்கிறேன். நெஞ்செல்லாம் கரகரங்குது."

"பரம்பரையைப் பார்க்காம முடிவெடுக்கக் கூடாது தம்பி. உங்க அப்பா எப்படிப் போனாரு?"

"பஸ்ல அடிபட்டு."

"அப்ப நுரையீரல்ல ஒண்ணும் இல்லையே! தைரியமாப் பிடி."

என் கையாலேயே நெருப்பும் கொடுத்தேன்.

வீட்டில்தான் என் அருமை தெரியவில்லை. "ஏங்க, ஜன்னலையாவது திறந்து வெச்சுக்கிட்டுப் பிடிங்களேன். தொண்டை எரியுது" என்றாள் மனைவி.

"எனக்கே ஒண்ணும் ஆகலைன்னு டாக்டர் சொல்லிட்டாரு. உனக்கு என்ன ஆகப்போகுது?"

அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு துணி மடித்தாள். ஒரு மாடி ஏறினாலே அவளுக்கு மூச்சு வாங்குகிறது. "உடற்பயிற்சி போதாது" என்று அறிவுரை சொன்னேன்.

அடுத்த வாரம் டாக்டரிடமிருந்து போன். "மேடத்தையும் கூட்டிட்டு வாங்க." தம்பதி சமேதராகப் போட்டோ எடுக்கப்போகிறார் என்று தேய்த்த சட்டையில் போனேன்.

டாக்டர் என்னைப் பார்க்கவேயில்லை. அவளிடம் பேசினார்.

"மேடம், உங்க வயசு நாற்பத்தெட்டுன்னு போட்டிருக்கு. செல்லைப் பார்த்தா அறுபதைத் தாண்டுது. தைக்கிற ஏற்பாடு உங்களுக்குப் பிறவியிலேயே மந்தம். அது உங்க தப்பு இல்ல. ஆனா இவ்வளவு கிழிசல் எங்கேருந்து வந்துச்சு? 'பிடிக்காதவர்'னு எழுதியிருக்கீங்க. மறைக்காமச் சொல்லுங்க, ஒரு நாளைக்கு எத்தனை பிடிக்கிறீங்க?"

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "இவளா டாக்டர்? தீப்பெட்டி உரசினாலே பக்கத்து ரூமுக்கு ஓடுறவ!"

யாரும் சிரிக்கவில்லை. அவள் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். அதன் வாரை விரல்கள் திருகிக்கொண்டிருந்தன. இத்தனை வருடத்தில் அந்த விரல்களை நான் பார்த்ததாக நினைவில்லை.

"நான் பிடிக்கிறதில்ல டாக்டர்" என்றாள். "இருபத்தாறு வருஷமா, இவர் விட்டதைத்தான் பிடிச்சிட்டிருக்கேன்."

டாக்டர் பேனாவை எடுத்தார். "பிடிக்காதவர்" என்பதை அடித்தார். பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"எத்தனை?"

"பதினஞ்சு" என்றேன்.

அவள் பெயருக்கு நேராக எழுதிக்கொண்டார்.