டொஸ்ஸும் என் மச்சினனும்

இனி இந்த வீட்டில் என் மச்சினன் ஓர் இரவுகூடத் தங்கக்கூடாது. 1986 நவம்பரில் ஒரு காலை, முகச்சவரம் செய்துகொண்டே இந்தத் தீர்மானத்தை எடுத்தேன். கண்ணாடி ஒத்துக்கொண்டது. எங்கள் வீட்டில் என்னோடு ஒத்துப்போவது அது ஒன்றுதான்.

மச்சினன் பெயர் மாரிசாமி. என் மனைவி நல்லம்மாவின் ஒரே தம்பி. வெல்லவாயில் பஸ் கண்டக்டராக இருந்து, காலத்துக்கு முன்பே ஓய்வுபெற்றவன். முன்பொரு தடவை "ரெண்டு நாள்" என்று தைப்பொங்கலுக்கு வந்தான். தீபாவளிப் பலகாரத்தையும் பார்த்துவிட்டுத்தான் போனான். வீட்டு நடையில் எதிரே வந்தால் "முன்னுக்குப் போங்க, முன்னுக்குப் போங்க" என்று என்னைச் சமையற்கட்டுவரை நெருக்குவான். சில்லறைக் காசால் கதவு நிலையில் ஒரு தட்டு தட்டினால் தேத்தண்ணி வேண்டும். இரண்டு தட்டினால் சீனி போதாது. குறட்டையோ, முதல் கியரில் பெரகல ஏற்றம் ஏறும் பஸ்.

வெல்லவாய வெயில் ஒத்துக்கொள்ளவில்லையாம். மறுபடி வரப்போகிறானாம். "கொஞ்ச நாள்" இருப்பானாம். அவனுக்கு இரண்டு நாளே பத்து மாதம். கொஞ்ச நாள் என்பது எவ்வளவு?

நான் பூனாகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கர். குவாட்டர்ஸில் எங்களுக்கு ஓர் அறை. மிச்சம் ஓர் அறை. அந்த மிச்சம்தான் பிரச்சினை.

அந்த வாரமே தெய்வம் கண் திறந்தது. தோட்டத்துக்குக் கொழும்பிலிருந்து ஒரு கொம்பியூட்டர் வந்து இறங்கியது. ஆபீஸ் கூரையோ ஒழுகிக்கொண்டிருந்தது. பெட்டிகளை எங்கே வைப்பது என்று எங்கள் தோட்டத்துத் துரை தாடையைத் தடவினார்.

"என் குவாட்டர்ஸ்ல ஒரு ரூம் சும்மா கெடக்குதுங்க, சேர்" என்றேன்.

துரை என்னை ஒரு தியாகியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். மாதக் கடைசித் திங்கட்கிழமை கொழும்பு ஆட்கள் வருவார்கள். அதற்குள் நான் மிஷினைப் பழகி ஓட்டிக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அது வேறு தோட்டத்துக்குப் போய்விடும்.

மிஷின் போனால் அறை காலி. அறை காலியானால் மாரிசாமி.

பெட்டிகள் வீட்டுக்கு வந்ததும் நல்லம்மாவைக் கூப்பிட்டுச் சட்டங்களை அறிவித்தேன். பொருத்த வந்த பொடியன் தூசும் ஈரமும் ஆகாது என்று மட்டும்தான் சொல்லியிருந்தான். மூச்சை நான் சேர்த்தேன்.

"இந்த ரூம்ல யாரும் படுக்கக் கூடாது. மனுச மூச்சு பட்டாலே இது கெட்டுப்போயிரும்."

"அப்ப ஒங்க மூச்சு?"

"என்னுது ஆபீஸ் மூச்சு."

நல்லம்மா தலையாட்டினாள். அவள் சண்டை பிடித்தால் எனக்குப் பயமில்லை. தலையாட்டினால்தான் பயம். அன்று அது நினைவுக்கு வரவில்லை.

"இது என்னங்க, தோசை மாதிரி, கறுப்பா?"

"பிளொப்பி. இதுக்குள்ளதான் டொஸ் இருக்கு. ஒப்பரேட்டிங் சிஸ்டம். இத உள்ள தள்ளினாத்தான் மிஷினுக்கு உசுரு வரும். இது இல்லாட்டி வெறும் இரும்பு."

"இவ்வளவு பெரிய ஒடம்பு, உசுரு மட்டும் தனியா வெளியிலயா? அதுக்குக் குளிரு தாங்குமா?"

"தாங்காது. இங்க அடிக்கிற மூட்டத்துக்கு நாலு நாள்ல பூஞ்சணம் புடிச்சுரும். காஞ்ச எடத்துல, சூடா இருக்கணும். வெல்லவாய மாதிரி ஊருன்னா ஒரு தொல்லையும் இல்ல. சில சாமான்களுக்கு வெல்லவாயதான் சரி."

கடைசி வசனத்தில் மாரிசாமியைத்தான் குத்தினேன். அந்த நிமிடமே என் நாக்கில் பூஞ்சணம் பிடித்திருக்கலாம்.

மச்சினனை விரட்டத்தான் மிஷினைக் கொண்டுவந்தேன். ஆனால் இரண்டாம் நாளே எனக்கு மச்சினன் மறந்துபோனான். பச்சை எழுத்து. ஏ என்று ஓர் எழுத்து, பக்கத்தில் வாய் திறந்த ஒரு குறி, அதற்குப் பக்கத்தில் இமைக்கிற ஒரு சின்னக் கோடு. அவ்வளவுதான். அது எனக்காகக் காத்திருந்தது. ஐம்பது வயதில், அந்த வீட்டுக்குள் என் உத்தரவுக்காகக் காத்திருந்த முதல் ஜீவன். நான் யார் என்று அதற்குத் தெரியுமா? தெரிந்தும் காத்திருக்கிறதா? எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து பார்த்தேன். அப்போதும் காத்திருந்தது.

ஓர் உத்தரவு போட்டேன். 'பேட் கொமாண்ட்' என்றது. கெட்ட உத்தரவாம். நல்லம்மா இதையே இருபத்தேழு வருஷமாகத் தமிழில் சொல்லிவருகிறாள்.

பிறகு 'டிர்' என்று மூன்று இங்கிலீஷ் எழுத்து அடிக்கப் பழகினேன். அடித்ததும் பிளொப்பித் தட்டில் உள்ள கோப்புகள் எல்லாம் வரிசையாக வந்து நின்று, பெயர் சொல்லி, எடை சொல்லிப் போயின. எனக்குப் புல்லரித்தது. இது பெரட்டு அல்லவா? விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்திப் பெயர் பதிகிற அதே வேலை. கொழும்பிலும் அமெரிக்காவிலும் படித்தவர்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் பெரட்டுக் களமா கட்டினார்கள்?

நல்லம்மா வாசற்படிக்கு வெளியே, மூச்சுப் படாத தூரத்தில், போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பேரெல்லாம் ஏன் பாதியில நிக்குது?"

"எட்டு எழுத்துக்கு மேல ஏத்துக்காது."

"அங்கயும் அரைப்பேருதானா?" என்றாள். கொழுந்து குறைந்தால் அரைநாள் சம்பளத்துக்கு அரைப்பேர் போடுகிற தோட்டத்தில் கங்காணி மகளாக வளர்ந்தவள்.

"தேதி கூடக் கேக்குதே, ஏன்?"

அதுதான் எனக்கும் புரியாத விஷயம். ஒவ்வொரு தடவை உயிர் வந்ததும் அது முதலில் தேதியைத்தான் கேட்கும். தானாகவும் ஒன்று சொல்லும். 1980 ஜனவரி முதலாம் திகதி, செவ்வாய்க்கிழமை. எத்தனை தடவை திருத்தினாலும் அணைத்துப் போட்டால் மறுபடி அதே செவ்வாய்க்கிழமை. நடந்ததெல்லாம் மறந்து, தினமும் ஒரே புதுவருஷத்தில் கண் விழிக்கிற வாழ்க்கை. எனக்கு அது வாய்த்தால் நல்லதா, கெட்டதா?

"அதுக்குத் தேதி தெரியாது. நாமதான் சொல்லணும்" என்றேன்.

"தேதி கூடத் தெரியாத ஒண்ணுகிட்டயா படிக்கிறீங்க?"

மாரிசாமி வரும் பேச்சையே அவள் எடுக்கவில்லை. வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

கொழும்பு ஆட்கள் வர நான்கு நாள் இருக்கும்போது மிஷினைப் போட்டேன். உயிர் வரவில்லை. தட்டைப் போட்டு ஏதாவது ஒரு பொத்தானை அழுத்து என்று எழுதிக்காட்டியது. மேசையைப் பார்த்தேன். பிளொப்பியைக் காணோம்.

"நல்லம்மா, பிளொப்பி எங்க?"

"பத்திரமா இருக்கு."

"எங்க?"

"வெல்லவாயில. மூணு நாளா வெயிலே இல்ல. உசுருக்குப் பூஞ்சணம் புடிச்சா நீங்க என்ன செய்வீங்கன்னு மனசு கேக்கல. ஜுனைதீன் நானாட வேன் நேத்து வெல்லவாய்க்குப் போச்சு. தம்பிகிட்டக் குடுத்து வைக்கச் சொன்னேன்."

சந்திக் கடை ஜுனைதீனிடம் ஓடினேன். அவர் வாழைக்குலை தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்.

"ஆமா கிளாக்கரய்யா, தங்கச்சி குடுத்திச்சி, நான் கொண்டுபோய்க் குடுத்தேன். ஒங்கட மச்சினன் ரெண்டு கையாலயும் வாங்கினாரு. தாலி வாங்குற மாதிரி."

"திரும்ப எப்பப் போவீங்க?"

"வேன் எஞ்சின் கழட்டிக் கெடக்கு. அடுத்த மாசம் பாப்பம்."

வீட்டுக்கு வந்து, "நானே போய் எடுத்துட்டு வர்றேன்" என்றேன்.

"போங்க. தொரைகிட்ட லீவு கேட்டுட்டுப் போங்க. எதுக்குன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?"

தோட்டத்துப் பொருளின் உயிரை மச்சினனிடம் அடகு வைத்திருக்கிறேன் என்றா?

"தபால்ல அனுப்பச் சொல்லு."

"மாட்டான். என் கையில தவிர யார் கையிலயும் குடுக்காதேன்னு சொல்லியிருக்கேன். உசுருன்னு நீங்கதானே சொன்னீங்க? அவனே கொண்டுவந்தாத்தான் உண்டு. ஆனா அவன் ரோசக்காரன். ரூம் இல்லன்னு நீங்க சொன்னத கேள்விப்பட்டுட்டான். நீங்களா கூப்பிட்டாத்தான் வருவான்."

தபால் கந்தோருக்கு நடந்தேன். எந்த மனிதன் வரக்கூடாது என்று கண்ணாடி முன் சபதம் செய்தேனோ, அவனுக்கு என் கையாலேயே தந்தி எழுதினேன். 'உடனே வரவும். பிளொப்பியையும் அழைத்து வரவும்.' பதற்றத்தில் 'கொண்டு' என்பது 'அழைத்து' ஆகிவிட்டது.

தந்திக்காரர் இரண்டு தடவை படித்தார். "பிளொப்பிங்கிறது யாருங்க, கொழந்தையா?"

"நம்ம வீட்டு உசுருங்க" என்றேன்.

சனிக்கிழமை மாரிசாமி வந்து சேர்ந்தான். தகரப்பெட்டி, பாய், தலையணை, ஒரு கோழி. பிளொப்பி பழைய கண்டக்டர் பையில், துணி சுற்றிய பொதியில். தந்தியை பஸ்ஸில் வந்த எல்லோருக்கும் காட்டியிருக்கிறான்.

"மச்சானே தந்தியடிச்சுக் கூப்புட்டாரு" என்று வாசலிலேயே அக்காவிடம் கண் கலங்கினான். "இந்த வயசுல என்னைய யாரு இப்பிடிக் கூப்புடுறா?"

அந்தக் கண்ணீர் என்னைக் கொஞ்சம் அசைத்தது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அவன் பாயை எடுத்துக்கொண்டு மிஷின் அறைக்குள் போனபோது விழித்துக்கொண்டேன்.

"மூச்சு!" என்றேன்.

"மூச்சு இருக்கட்டும்" என்றாள் நல்லம்மா. "குளிருதானே அதுக்குப் பெரிய எதிரி? வெல்லவாய வெயில்ல காஞ்ச ஒடம்புங்க அவனுக்கு. ரூமுக்குள்ள அடுப்பு வச்ச மாதிரி."

திங்கட்கிழமை கொழும்பு ஆட்கள் வந்தார்கள். பிளொப்பி உள்ளே போனது. உயிர் வந்தது. தேதி கேட்டது, சொன்னேன். பெரட்டு வரிசையாக வந்து நின்றது. துரை என் தோளில் தட்டினார். அறைக்குள் கணகணவென்று சூடாக இருப்பதைக் கொழும்பு ஆட்கள் விசேஷமாகப் பாராட்டினார்கள். மிஷின் இங்கேயே இருக்கட்டும் என்றார்கள்.

அவர்கள் போனதும் நல்லம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன். "மாரிசாமி எப்பப் போவான்?"

கோழிக்கு அரிசி இறைத்துக்கொண்டே சொன்னாள். "ஒங்க மிஷின் என்னைக்குத் தேதி கேக்காம முழிக்குதோ, அன்னைக்கு."

மறுநாள் காலை எழுந்ததும் நேரே அறைக்குப் போனேன். சமையற்கட்டுக் கதவு நிலையில் இரண்டு தட்டு கேட்டது. சீனி போதாது. குனிந்து, மச்சினனின் தகரப்பெட்டியைத் தாண்டி, மிஷினைப் போட்டேன்.

தேதி கேட்டது.