வந்து பார்த்த ஆள்

இந்தக் காலத்து ஆட்கள் வருகிறேன் என்றால் வருகிற நேரத்தைச் சொல்வதில்லை. போன் போட்டால் "வந்துட்டே இருக்கேன்" என்பான். கேட்டால் அப்போதுதான் பல் விளக்கியிருப்பான். கந்தர்வக்கோட்டை செபமாலைக்கு விடிந்ததிலிருந்தே இந்த எரிச்சல்தான்.

போன வாரம் மாடித் தொட்டிக் குழாய் வெடித்து, வீடெல்லாம் கணுக்கால் தண்ணீர். பிளைவுட் கட்டில் உப்பிவிட்டது, பிரிட்ஜ் செத்துவிட்டது. மகன் சிங்கப்பூரில் கிடந்து உழைத்து வாங்கியவை.

"வீட்டுக்கும் சாமானுக்கும் இன்சூரன்ஸ் இருக்கு மாமா. இன்னைக்கு ஆள் வருவாரு" என்று சொல்லிவிட்டு மருமகள் பிளெஸ்ஸி புதுக்கோட்டைக்கு வேலைக்குப் போய்விட்டாள்.

செபமாலைக்கு அதிகாரிகளைப் பற்றித் தெரியும். புயல் நிவாரணம் எழுத வந்தவர்கள் உள்ளே டி.வி.யைப் பார்த்ததும் இவர் பெயரை அடித்துவிட்டுப் போனவர்கள்தானே?

"பொற்கொடி, ஒரு கை பிடி ஆத்தா!" என்று பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டார்.

கட்டிலும் பிரிட்ஜும் அவள் வீட்டுக்குப் போயின.

"எதுக்கு சித்தப்பா இதெல்லாம்?"

"இருக்கிறவனுக்கு எவன் குடுப்பான்?"

மத்தியானம் இன்சூரன்ஸ் ஆள் ரெங்கராஜ் பைக்கில் வந்து இறங்கினார்.

"தண்ணியில என்னென்ன போச்சுங்கய்யா?"

"எங்ககிட்ட ஏதுங்க சாமான்? ஒரு பாயிதான்."

"கட்டில், பிரிட்ஜ்னு பேப்பர்ல இருக்கே?"

எவன் போட்டுக்கொடுத்தான்? "அது... வித்துட்டேங்க."

"நனைஞ்சதையா?"

"நனையிறதுக்கு முன்னாடியே."

ரெங்கராஜ் எழுதினார். பேனா ஓடுவதைப் பார்த்துச் செபமாலை பக்கத்தில் நகர்ந்தார். குரலை இறக்கினார்.

"செவுத்தப் பாருங்க சார். ஏழு வருசமா ஒழுகுது. நாதியில்ல."

"நாள்பட்ட கசிவுக்குக் கிடையாதுங்களே. குழாய் திடீர்னு வெடிச்சாத்தான் உண்டு."

"வெடிச்சுச்சு சார்! போன வாரம்!"

"இப்பத்தான் ஏழு வருசம்னீங்க?"

"ஏழு வருசமா ஒழுகி, போன வாரம் வெடிச்சுச்சு."

ரெங்கராஜ் பேனாவை மூடினார். பையிலிருந்து வேறொரு தாளை எடுத்தார்.

"கையெழுத்தெல்லாம் போடமாட்டேன்" என்றார் செபமாலை, தாளைப் பார்க்காமலே. ரெங்கராஜ் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

சாயங்காலம் எல்லாவற்றையும் கேட்ட பிளெஸ்ஸி, தோள்பையைக்கூடக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"மாமா, வெடிச்ச அன்னைக்கே நான் வீடியோ அனுப்பிட்டேன், கம்பெனியில எல்லாத்துக்கும் ஒத்துக்கிட்டாங்க. வீடு ஒங்க பேருல இருக்குன்னு, சும்மா ஒரு தடவை கேட்டுட்டு ஒங்க கையெழுத்து ஒண்ணு வாங்கிட்டுப் போகத்தான் அவரு வந்தாரு."

செபமாலை துண்டை உதறித் தோளில் போட்டார்.

"குடுக்கிறதா முடிவு பண்ணினவன் எதுக்கு ஆளு அனுப்புறான்? அதுலதான் ஏதோ இருக்கு" என்றபடி கடைத்தெருப் பக்கம் நடையைக் கட்டினார்.