இன்னா, அப்பா?

அன்று காலை அச்சகத்தில் இருந்தவர்கள்: முதலாளி, மெஷின்காரர், ப்ரூஃப் பார்க்கும் கமா. லேபிள் கொடுத்த வாடிக்கையாளர் விமானத்தில் இருந்தார். போன் எடுக்கவில்லை. சரக்கை வாங்க மதியம் அவருடைய மைத்துனர் வருவதாக ஏற்பாடு.

ஒரு காற்புள்ளிக்காக ஓடுகிற மெஷினை நிறுத்தியவள் என்பதால் அவளுக்குக் கமா என்று பெயர். அப்படி ஒரு கண் அந்தத் தெருவில் வேறு யாருக்கும் கிடையாது. அந்தக் கண்ணுக்கும் போன வாரம் ஒரு பிழை தப்பிவிட்டது. “இன்னொண்ணு போச்சுன்னா உன் மேஜையையே தூக்கிடுவேன். கம்ப்யூட்டர் பாத்துக்கும்” என்று முதலாளி சொல்லியிருந்தார்.

இப்போது வந்திருந்தது பின்பக்க லேபிள். பொருளின் பெயர் முன்பக்கத்தில். அதை வேறு அச்சகத்தில் அடித்தாகிவிட்டது. இதில் இருந்தது மஞ்சளாய், ஓட்டை ஓட்டையாய் ஒரு கட்டியின் படமும் ஒரு வரியும்தான்.

‘சோக் இன் டென் டைம்ஸ் இட்ஸ் வெயிட் ஆஃப் வாட்டர்.’

“ஸ்பாஞ்ச் போல” என்றார் முதலாளி. “அடிச்சுடலாம்.”

“தப்பு சார். ஸ்பாஞ்ச் தண்ணியை உறிஞ்சினா சோக்ஸ் அப். இதுல எஸ்ஸையே காணோம்.”

“தண்ணி உள்ளதானேம்மா போகுது? அப்பு எங்கேருந்து வந்தது?”

“டீயை நீங்க குடிக்கிறீங்க. ‘டீயைக் குடிச்சேன்’னு சொல்வீங்களா, ‘டீக்குள்ள போனேன்’னு சொல்வீங்களா?”

முதலாளி கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார்.

மெஷின்காரர் தலையை நீட்டினார். “முடிவாச் சொல்லுங்கக்கா. இன்னா, அப்பா?”

“யாருய்யா உனக்கு அப்பா?” என்றார் முதலாளி.

கமா ப்ரூஃப் தாளில் ‘இன்’னைக் கோடு போட்டு அடித்துவிட்டு ஓரத்தில் ‘அப்’ என்று எழுதினாள். அது ‘டென்’னுக்குப் பக்கத்தில் விழுந்தது. அச்சகத்தில் ‘டென் அப்’ என்றால் ஒரு தாளில் பத்து லேபிள். மெஷின்காரர் சொன்னதைச் செய்கிறவர். லேபிள் கட்டைவிரல் நகமாய்ச் சுருங்கி வந்தது.

“பூதக்கண்ணாடியும் சேத்து விப்பாங்களா?” என்று கத்தினார் முதலாளி.

கமா அந்த ‘அப்’பை அடித்துவிட்டு, தெளிவாக இருக்கட்டும் என்று அம்புக்குறி போட்டு மேலே எழுதினாள். இந்தத் தடவை வரி முழுக்கப் படத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது.

“அப்புன்னு அம்பு போட்டீங்க. ஏத்திட்டேன்.”

“போதும்யா! இன்னே இருக்கட்டும். குடுத்தவன் தலையெழுத்து!”

கமா மெஷினுக்கு முன்னால் போய் நின்றாள். “தப்பை அடிக்கணும்னா முதல்ல என்னை வேலையை விட்டு அனுப்புங்க.”

ஒரு சின்னச் சொல்லுக்காகச் சோற்றைப் பணயம் வைக்கிற ஆளை மெஷின்காரர் அதுவரை பார்த்ததில்லை. அவர் மெஷினை அணைத்துவிட்டு ஒதுங்கினார். கமாவே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வரியைத் திருத்தினாள். ‘சோக்ஸ் அப்.’ அளவு சரி, இடம் சரி. அடித்து வந்த லேபிளை முதலாளி வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

“வழுக்கிட்டுப் போகுதும்மா” என்றார். “உன் மேஜையை யாரும் தொட மாட்டாங்க.”

மதியம் மைத்துனர் வந்தார். ஒரு லேபிளை எடுத்தார். படித்தார். திரும்பவும் படித்தார்.

“இங்கிலீஷ் பிரமாதம்” என்றார். “ஆனா இது சோயாங்க, திங்கிறது. பத்து பங்கு தண்ணியில ஊறப் போடுங்கன்னு சமைக்கிறவங்களுக்குச் சொல்லியிருந்தோம்.”

மெஷின்காரர் கூரையைப் பார்த்தார்.

“ஊறப் போடறதுன்னா இன்தான் சரி” என்றாள் கமா, கண் சிமிட்டாமல். “எஸ்ஸும் வராது.”

சொல்லிவிட்டு விறுவிறுவென்று ப்ரூஃப் அறைக்குள் போனாள். மேஜையைத் தூக்க முதலாளி வந்து சேர்வதற்குள் கதவைச் சாத்தி உள்பக்கம் பூட்டிக்கொண்டாள்.