எடைச்சீட்டுக்குப் பேர் வைத்தேன்

பயந்தவனுக்கு வாயை அடக்கத் தெரியும் என்பார்கள். பொய். எனக்குப் பயம் வந்தால்தான் வாய் கூடுதலாக ஓடும். ஓடி முடித்ததும் அதை நினைத்து மறுபடி பயப்படுவேன்.

கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் ஆலை ஒன்றில் முப்பது வருஷமாக எடைமேடை எனக்கு. லாரி ஏறி நிற்கும். எடை பார்த்துச் சீட்டுக் கொடுப்பேன். பள்ளிக்கூடம் போகாதவன், எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆனால் எந்த லாரி எந்த மழையில் டயர் வெடித்து வாசலை அடைத்தது என்று கேளுங்கள், சொல்வேன். (அந்த டிரைவர் ஆந்திர எல்லையில் தடா ஊர்க்காரர். மீன் குழம்பு வைத்தால் தெருவே மணக்கும். சரி, அது வேறு கதை.)

அறுபது தாண்டிய பிறகு, மேனேஜர் வருஷா வருஷம் கையெழுத்துப் போட்டால்தான் எனக்கு வேலை. இந்த வயதில் வெளியே போனால் வாட்ச்மேனாகக்கூட எவனும் சேர்க்க மாட்டான். அந்த வருஷத்துத் தாள் அவர் மேசையில் கையெழுத்தாகாமல் கிடந்த வாரம்தான் எடைமேடைக்குக் கம்ப்யூட்டர் வந்தது.

அதைக் கொண்டுவந்த ரமணாவுக்கு விசாகப்பட்டினம் பக்கம். தமிழ் பேசுவான்; ஓரெழுத்துகூடப் படிக்க மாட்டான். திரையில் வரிசையாகக் கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் இங்கிலீஷில் அரைகுறை எழுத்து. பார்த்ததுமே நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டேன்.

"பயப்படாதீங்க நைனா. உள்ள இருக்கற பேரு எனக்கு. வெளியில தெரியற பேரு உங்களுக்கு. கேப்ஷன்னு சொல்லுவோம். டிரைவருங்களுக்குப் புரியற மாதிரி நீங்க சொல்லுங்க, நான் வச்சிடறேன்."

தமிழில் தட்டத் தெரியாததால் செல்போனை என் வாய்க்கு நேரே நீட்டினான். பேசினால் அதுவே எழுதிக்கொள்ளுமாம். அதை எடுத்து அவன் கட்டத்துக்கு முன்னால் ஒட்டுவானாம். இது டிரைவர், இது மேனேஜர் என்று அவன் சொல்லச் சொல்ல, நான் பேர் சொன்னேன். ஒட்டியதை அவனால் படிக்க முடியாது. எனக்கோ அந்தப் பெட்டிக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோகவே பயம், ஷாக் அடிக்குமோ என்று. (சிரிக்காதீர்கள். பழைய எடை மெஷின் ஒருமுறை அடித்திருக்கிறது.)

மறுநாள் காலை சீட்டுகள் ஜோராக அச்சாகி வந்தன. ஐந்து லாரி போயிற்று. ஆறாவது மீஞ்சூர் முனுசாமி. சீட்டை வாங்கியவன் நகரவில்லை.

"யோவ் பெர்சு, இன்னாய்யா இது? 'டிரைவர் பேரு ஏம்பா டீ வந்துச்சா'ன்னு போட்டுக்குது. வந்துச்சு, குடிச்சிட்டேன். எங்க எழுதணும்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்று செல்போன் வாய்க்கு நேரே இருந்தபோதே டீக்காகக் கத்தியது ஞாபகம் வந்தது. அப்படியானால் வேறு என்னென்ன சொன்னேன்?

"கீழ படிடா."

"'சரக்கோட எடை', 'வெறும் வண்டி எடை'. இதெல்லாம் கரீக்டா கீது. கடைசில..." நிறுத்தினான். "பெர்சு, நாஷ்டா துன்னியா?"

"துன்னேன். ஏன்?"

"அப்ப தாங்குவே. 'மேனேஜர் கையெழுத்து அது எங்க அந்தாளு பதினோரு மணிக்கு மின்ன வந்தா மழைதான் பேயும்.'"

முதல் ஐந்து சீட்டின் ஆபீஸ் நகல்களும் அவர் கையெழுத்துக்காக மாடிக்குப் போய்விட்டன. மணி இன்னும் பதினொன்று ஆகவில்லை, ஓடிப்போய் அள்ளிவிடலாம் என்று எழுந்தேன். வாசலில் பியூன்.

"சார் கூப்புடறாரு. புதுச் சீட்டு எப்பிடி கீதுன்னு பாக்க ஒம்போதுக்கே வந்துட்டாரு."

மாடிக்கு இருபத்திரண்டு படி. முப்பது வருஷத்தில் அன்றுதான் எண்ணினேன்.

மேசையில் ஐந்து சீட்டுகள். பக்கத்திலேயே என் வேலைத் தாள். மூலையில் ரமணா.

"இதப் படிங்க," என்றார் மேனேஜர்.

"சார், நான் எழுத்துக்கூட்டித்தான்..."

"கூட்டுங்க. டைம் இருக்கு. சீக்கிரமே வந்துட்டேன்."

"மே... னே... ஜர்..." ஒருவரை நேருக்கு நேர் திட்டுவது சுலபம். ஒரே மூச்சில் முடிந்துவிடும். எழுத்து எழுத்தாகத் திட்டிப் பாருங்கள், தெரியும். 'அந்தாளு' வருவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. 'மழை'க்கு நாக்கு எழவே இல்லை.

ரமணா என்னைக் காப்பாற்ற முன்னால் வந்தான். "சார், உள்ள இருக்கற பேரு கரெக்டா இருக்கு சார். வெளியில தெரியறது மட்டும்தான் இப்படி."

"வெளியில தெரியறதுதான்யா எனக்குப் பேஜாரு!"

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். எப்போதும் ஓடுகிற வாய், அன்று பார்த்து வேலைநிறுத்தம். அவர் என் தாளை எடுத்தார். கிழிக்கப் போகிறார் என்று கண்ணை மூடினேன். பேனா உரசும் சத்தம் கேட்டது.

"ஒரு வருஷம் போட்டிருக்கேன். நாளையிலேருந்து நான் ஒம்போதுக்கு வருவேன். வண்டி வர்ற நேரத்தை எழுதறீங்கல்ல? அதுக்குக் கீழ என் நேரத்தையும் நீங்களே எழுதுங்க."

எழுதினேன். வருஷம் முழுக்க எடைமேடை ஜன்னலில் நின்று, "போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் மாடியேறினார். ஒருநாள்கூட அவர் தாமதிக்கவில்லை. ஒருநாள்கூட நான் கை நடுங்காமல் எழுதவில்லை.

இதை வீட்டில் சொன்னது அடுத்த தப்பு. இப்போது குழம்பில் உப்பு குறைவு என்று நான் தொண்டையைக் கனைத்தாலே போதும். மருமகள் ஓடிப்போய்ச் செல்போனை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டு வந்து நிற்பாள்.

"ஆங், இப்ப திட்டுங்க மாமா."