நிலத்தைக் கொண்டு வாங்கோ

கௌசிகாவின் இடது கால் நிலத்தில் படவில்லை. வலது காலை நீட்டிப் பார்த்தாள். அதுவும் படவில்லை.

ஸ்ராண்டில் சாய்ந்து நின்ற அந்த உயரமான மோட்டார் சைக்கிளின் மேல், கொய்யா மரத்தில் ஏறிவிட்டு இறங்கத் தெரியாத பிள்ளையைப் போல அவள் உட்கார்ந்திருந்தாள்.

"எப்பிடி மிஸ் இருக்கு?" என்று கேட்டார் தவராசா. மோட்டார் சைக்கிளின் சொந்தக்காரர்.

"சோக்கா இருக்கு" என்றாள் கௌசிகா.

அது பொய்யில்லை. அங்கிருந்து பார்க்க எல்லாமே சோக்காகத்தான் இருந்தது. தவராசாவின் வேலிக்கு மேலால் இறக்கக்கண்டிப் பாலம் தெரிந்தது, கரையில் ஏற்றி வைத்திருந்த வள்ளங்கள் தெரிந்தன, கடல் தெரிந்தது. அவளுடைய ஸ்கூட்டியில் இருந்திருந்தால் வேலி மட்டும்தான் தெரிந்திருக்கும்.

கௌசிகா விவசாயப் போதனாசிரியர். தம்பலகாமத்துப் பக்கம் மாற்றம் கிடைத்த நாளிலிருந்து அவளுடைய ஸ்கூட்டி வயல் பாதைகளில் ஓடியதை விடப் புதைந்ததே அதிகம். கடைசியாகப் புதைந்தபோது உழவு மெசினில் கயிறு கட்டி இழுத்தெடுத்த கமக்காரர், "மிஸ், இனி நீங்கள் வர வேண்டாம். நாங்கள் எல்லாரும் சேர்ந்து உங்கட வீட்ட வந்து பாடம் கேக்கிறம்" என்று சொல்லிவிட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அன்றைக்கே பெரிய மோட்டார் சைக்கிளுக்கான லைசனுக்கு விண்ணப்பித்தாள். போன கிழமை ஓட்டிக் காட்டி முதல் தடவையிலேயே பாஸ்.

அதற்குப் பிறகு பைக் தேடும் படலம். உப்புவெளியில் பார்த்த ஒன்று தேங்காய் துருவுவது போலச் சத்தம் போட்டது. நிலாவெளியில் ஒருவர் சாவியைத் தூக்கி அவளுடைய கணவன் கஜீபனின் கையில் கொடுத்து, "நீங்கள்தானே ஓடப்போறது?" என்றார். "இல்ல, நான் பின்னால இருக்கிற ஆள்" என்றான் கஜீபன் பணிவாக. அவன் வங்கியில் வேலை பார்க்கிறவன். ஆறடி உயரம். சைக்கிளைத் தவிர வேறெதையும் ஓட்டியதில்லை, ஓட்டும் எண்ணமும் இல்லை.

இப்போது அவன் மெதுவாகப் பக்கத்தில் வந்து நின்றான்.

"என்ன, ஒரு மாதிரி இருக்கிறீர்?"

"கால் எட்டேல்ல" என்று அவன் காதுக்குள் சொன்னாள்.

"எந்தக் கால்?"

"ரெண்டும்."

கஜீபன் குனிந்து பார்த்தான். அவளுடைய சப்பாத்துக்கும் நிலத்துக்கும் நடுவில் தவராசாவின் கோழி ஒன்று தாராளமாக நடந்து போனது.

"அப்ப இதை விடுவம், கௌசி."

"விட ஏலாது. எனக்கு இதுதான் வேணும்."

"நிப்பாட்டேக்க என்ன செய்வீர்?"

கௌசிகா அவனுடைய கால்களைப் பார்த்தாள். கலியாணம் முடித்து ஏழு வருசத்தில் அந்தக் கால்களை அவள் அவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை.

"உங்கட கால் எட்டும்தானே? நீங்கள் பின்னால இருங்கோ. நான் பிறேக் பிடிக்கேக்க நீங்கள் காலை ஊண்டுங்கோ."

"அப்ப நான்தான் உமக்கு ஸ்ராண்டோ?"

"இண்டைக்கு மட்டும்."

கஜீபன் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு பின்னால் ஏறினான். அவனுடைய இரண்டு கால்களும் சிமெந்துத் தூண்கள் மாதிரி நிலத்தில் பதிந்தன. தவராசாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ஓடிப் பாருங்கோ மிஸ். ஆனா தூரம் கொண்டு போக வேணாம். உந்தக் கிறவுண்டை ஒருக்காச் சுத்தி வந்தாக் காணும்" என்றார். பிறகு இன்னொரு முறை, "ஒரே ஒருக்கா" என்றார்.

முதல் அழுத்திலேயே என்ஜின் பிடித்தது. கௌசிகா கிளச்சை விட்டாள். கஜீபன் கால்களைத் தூக்கினான். இரண்டு பேரும் ஒரே ஆள் மாதிரி வீட்டு ஒழுங்கையைத் தாண்டித் தெருவுக்கு ஏறினார்கள்.

மைதானத்தின் முதலாவது வளைவு வரைக்கும் சொர்க்கம்தான். குண்டும் குழியும் இருந்த தெருவை அந்த மோட்டார் சைக்கிள் மெத்தை மாதிரித் தடவிக்கொண்டு போனது. இரண்டாவது வளைவில் ஒரு ஆடு குறுக்கே வந்தது.

"கால்!" என்று கத்திக்கொண்டு கௌசிகா பிறேக்கைப் பிடித்தாள்.

கஜீபன் தன் கடமையைச் செய்தான். இரண்டு கால்களையும் அகட்டி, உறுதியாக ஊன்றினான். ஆடு நிமிர்ந்து பார்த்துவிட்டு ஓடிப்போனது. பாதை கிடைத்த சந்தோசத்தில் கௌசிகா கைபிடியை முறுக்கினாள். மோட்டார் சைக்கிள் போனது. கஜீபன் போகவில்லை.

"பார்த்தீங்களே, திடீரெண்டு என்ன லேசா ஓடுது!" என்றாள் கௌசிகா திரும்பாமலே.

கண்ணாடியில் பார்த்தாள். நடுத்தெருவில், இல்லாத சீற்றில் இருக்கிற மாதிரி முழங்கால்களை மடித்துக்கொண்டு, இல்லாத இடுப்பைக் கைகளால் பிடித்தபடி ஒரு உயரமான மனிதன் நின்றான். வரவரச் சின்னவனாகிக்கொண்டிருந்தான்.

ஓட்ட அவளுக்கு நன்றாகத் தெரியும். நிற்கத்தான் ஏலாது.

ஒரு சுற்று முடிந்தது. கஜீபன் இப்போது நிமிர்ந்து, தவராசாவின் வாசல் படலையடிக்கு ஓடி வந்திருந்தான்.

"நில்லும்!" என்று கத்தினான்.

"எப்பிடி நிக்கிறது? கால் உங்களிட்ட எல்லோ நிக்குது!"

அதற்குள் கடந்துவிட்டாள். பின்னால் தவராசாவின் குரல் மட்டும் கேட்டது. "பயப்பிடாதையுங்கோ மிஸ்! இப்ப நிக்கும்!"

அந்த மனிதருடைய நம்பிக்கை அவளுக்குக் கொஞ்சம் தைரியம் தந்தது. அடுத்த சுற்றில் கஜீபன் யோசனையோடு காத்திருந்தான்.

"மெதுவா விழும்!"

"விழுந்தா அண்ணையின்ர பைக் உடையும்!"

"புல்லுக்குள்ள விழும்!"

"புல்லுக்குள்ள மாடு படுத்திருக்கு!"

அடுத்த சுற்றில் அவளே முந்திக்கொண்டாள்.

"தவராசா அண்ணை, பெற்றோல் எவ்வளவு கிடக்கு?"

"ராங்க் நிறையக் கிடக்கு! காலமைதான் அடிச்சனான்!" என்றார் தவராசா. பெருமையோடு தொடங்கிய குரல் முடியும்போது கவலையாகிவிட்டது. மணிக்கூட்டைப் பார்த்தார். "இன்னும் நிக்கேல்லையோ?" என்று யாரையோ கேட்டார்.

மைதானத்தில் பந்தடித்துக்கொண்டிருந்தவர்கள் விளையாட்டை விட்டுவிட்டு வேலி ஓரமாக வந்து வரிசையாக நின்றார்கள். அவள் கடக்கும் ஒவ்வொரு முறையும் கை தட்டினார்கள்.

"ஸ்லோவா வாரும், நான் ஏறுறன்!" என்று கஜீபன் கத்தினான்.

நல்ல யோசனைதான். கௌசிகா வேகத்தைக் குறைத்தாள். கஜீபன் பக்கத்தில் ஓடி வந்து பின் கம்பியைப் பிடித்தான். ஒரு காலைத் தூக்கவும் தூக்கினான். ஆனால் அவன் பாரத்தில் பைக் ஒரு பக்கம் சரிய, கௌசிகா பயத்தில் கைபிடியை முறுக்கிவிட்டாள். கஜீபன் பூமியில் பட்டும் படாமலும் சில பாய்ச்சல் பாய்ந்தான். வங்கியில் அவனை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. பிறகு கம்பியை விட்டான். ஒரு சப்பாத்து மட்டும் அவனை முந்திக்கொண்டு உருண்டது.

அப்போது வேலியோரம் இருந்து ஒரு குரல் வந்தது. "மிஸ், கடற்கரைக்கு விடுங்கோ! மணலுக்குள்ள சில்லுப் புதையும், தானா நிக்கும்!"

புதைவதைப் பற்றிக் கௌசிகாவுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. உடனே கடற்கரைப் பக்கம் திருப்பினாள்.

அவளுடைய ஸ்கூட்டியாக இருந்தால் மணலைக் கண்டதுமே புதைந்திருக்கும். இது மணலுக்கென்றே செய்த பைக். ஒருமுறை உறுமிவிட்டு, வால் ஆட்டிக்கொண்டு, தெருவில் ஓடியதை விட உற்சாகமாக ஓடியது. முன்னால் மீன் வியாபாரி மஜீத் நானாவின் கருவாடு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

"அல்லாஹ்! கருவாடு!" என்று மஜீத் நானா இரண்டு கைகளையும் விரித்தார்.

"குறை நினைக்காதேங்கோ நானா! நிக்க ஏலாது!"

"அவசரமெண்டா ரோட்டால போகலாமே மகள்!"

அவள் மணலைத் தாண்டித் திரும்பவும் தெருவுக்கு ஏறியபோது கைபிடியில் ஒரு பாரைக் கருவாடு தொங்கியது. பின்னால் மூன்று நாய்கள் வந்தன. இனி மெதுவாக ஓடவும் வழியில்லை.

விசித்திரம் என்னவென்றால், அந்த நேரத்தில்தான் கௌசிகா தான் சிரித்துக்கொண்டிருப்பதைக் கவனித்தாள். வயிறு நோகச் சிரித்துக்கொண்டிருந்தாள். பாலத்தில் ஏறி, காற்று சட்டையை ஊத, கடலை ஒரு பக்கமும் களப்பை ஒரு பக்கமும் பார்த்துக்கொண்டு ஓடினாள். அக்கரையில் வட்டமாகத் திரும்பி மறுபடியும் பாலத்தில் ஏறினாள். நாய்கள் மட்டும் அக்கரையோடு நின்றுவிட்டன. எந்த வயல் பாதையும் இந்தப் பைக்கை நிறுத்தாது. எந்தக் கமக்காரரும் இனிக் கயிறு எடுக்க மாட்டார். இறங்க மட்டும் தெரிந்தால் போதும்.

திரும்பி வருகையில் மஜீத் நானாவின் வாடிக் கொட்டிலுக்கு முன்னால் குவித்திருந்த மீன் பெட்டிகள் கண்ணில் பட்டன. நீலப் பிளாஸ்டிக் பெட்டிகள். அவளுக்குப் பளிச்சென்று ஒன்று தோன்றியது. மைதானத்தைச் சுற்றி வந்து கணவனைக் கடக்கும்போது முழுத் தொண்டையோடு கத்தினாள்.

"இஞ்சருங்கோ! என்ர கால் நிலத்துக்கு வராது! நிலத்தைக் காலுக்குக் கொண்டு வாங்கோ!"

"என்ன?"

அந்தக் கேள்விக்கு அடுத்த சுற்றில்தான் பதில் சொல்ல முடிந்தது.

"மீன் பெட்டி! ரெண்டு பக்கமும் அடுக்குங்கோ!"

கஜீபனுக்கு விளங்கிவிட்டது. ஒற்றைச் சப்பாத்தோடு வாடிக்கு ஓடினான். பந்தடித்தவர்களும் ஓடினார்கள். மஜீத் நானா முதலில் மறித்தார், பிறகு விசயத்தைக் கேட்டுவிட்டுத் தானே இரண்டு பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார். தெருவின் நடுவே, பைக் போகிற அளவுக்கு இடைவெளி விட்டு, இரண்டு பக்கமும் பெட்டிகளைக் குப்புறக் கவிழ்த்து நீளமாக அடுக்கினார்கள். யாரோ ஒருவன் ஒன்றின் மேல் ஒன்றாக வைக்கப் போனான்.

"ஒண்டு காணும்!" என்றான் கஜீபன். "எவ்வளவு எட்டேல்ல எண்டு எனக்குத் தெரியும்."

கௌசிகா வளைவில் திரும்பினாள். முன்னால் நீலப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு ஒடுங்கிய வழி. அதன் முடிவில் கஜீபன், வா வா என்று இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டு நின்றான். அவள் மெல்ல மெல்ல வேகத்தைக் குறைத்து, அந்த வழிக்குள் நுழைந்து, பிறேக்கைப் பிடித்து, இரண்டு கால்களையும் இறக்கினாள்.

பட்டது. இரண்டு காலும் பட்டது. மீன் மணக்கும் பெட்டிகளின் மேல், தேர் சுற்றி வந்து இருப்பிடத்தில் நின்ற மாதிரி நின்றாள். என்ஜினை நிறுத்தினாள். கைதட்டலில் கடல் சத்தம் கேட்கவில்லை.

கஜீபன் ஓடி வந்து பைக்கைப் பிடித்துக்கொண்டான். "ஒண்டும் இல்லையே? எங்கயும் நோகுதோ?"

"இதைத்தான் எடுக்கிறம்" என்றாள் கௌசிகா.

"கௌசி, உம்மட கால்..."

"சீற்றை வெட்டி இறக்கலாம். பைக்கையும் கொஞ்சம் கீழ பதிக்கலாம். எனக்கு வேற ஒண்டும் வேணாம்."

கஜீபன் அவள் முகத்தைப் பார்த்தான். ஹெல்மெட்டுக்குள் தலைமயிர் எல்லாம் ஒட்டி, மூக்கில் மணல் அப்பி, கண்கள் மட்டும் பளபளத்துக்கொண்டிருந்தன.

"சரி அண்ணை, முடிப்பம்" என்று தவராசாவிடம் சொன்னான்.

தவராசா அதைக் கேட்ட மாதிரித் தெரியவில்லை. அவர் மோட்டார் சைக்கிளின் பெற்றோல் ராங்கைத் தடவிக்கொண்டிருந்தார். குனிந்து என்ஜினைப் பார்த்தார். கிட்டக் காதை வைத்துக்கூடக் கேட்டார். நிமிர்ந்தபோது முகத்தில் ஒரு புதுக் கனிவு.

"குறை நினைக்கப்படாது மிஸ்" என்றார். "நான் இதை விக்கேல்ல."

"என்ன அண்ணை? கருவாட்டுக்கெண்டா நான் மஜீத் நானாவோட கதைக்கிறன்."

"அதில்ல."

"பைக்கில ஒரு கீறல்கூட விழேல்ல, பாருங்கோ."

"அதுவும் இல்ல."

"காலமை போனில 'இண்டைக்கே கொண்டு போங்கோ, இப்பவே வாங்கோ' எண்டு சொன்னனீங்கள்!"

"சொன்னனான்தான்" என்று தவராசா கைபிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "இப்ப மனம் வருகுதில்ல."

"அண்ணை, தயவுசெய்து" என்றான் கஜீபன். காலையிலிருந்து இந்தப் பைக் வேண்டாம் வேண்டாம் என்று மனதுக்குள் நேர்ந்துகொண்டிருந்தவன் அவன்தான். "இவ இவ்வளவு சந்தோசமா இருந்ததை நான் கண்டதில்ல. நீங்கள் இல்லையெண்டு சொல்லப்படாது."

தவராசா இல்லையென்று தலையை ஆட்டினார். கௌசிகாவின் கண்கள் கலங்கின.

அந்த நேரத்தில் தவராசாவின் மனைவி மலர் தேத்தண்ணித் தட்டத்தோடு வந்தாள். முதல் கோப்பையைக் கௌசிகாவின் கையில் கொடுத்துவிட்டு, பைக்கையும் அவளையும் மாறி மாறி அதிசயமாகப் பார்த்தாள்.

"பிள்ளை, இந்த ஒழுங்கை தாண்டுறதுக்குள்ள மூண்டு தரம் நிண்டு போகுது எண்டுதானே இந்த மனுசன் இதை விக்க வெளிக்கிட்டவர்" என்றாள். "நீ என்னெண்டு பிள்ளை இதை நிக்காம ஓட்டினனீ?"