பசையின் பூர்வீகம்

“மூடி அசையவே மாட்டேங்குது” என்றாள் மனைவி, மரப்பெட்டியை மடியில் வைத்து மல்லுக்கட்டியபடி. “அப்பா கொடுத்தனுப்பியிருக்கார். மாப்பிள்ளையைப் பாக்கச் சொன்னாராம். சாயங்காலம் அவங்களே வர்றாங்க.”

பசைத் தொழிற்சாலையில் வேதியியலாளராக இருந்த கணவருக்கு உச்சி குளிர்ந்தது. கல்யாணமான நாளிலிருந்து “எங்க மாப்பிள்ளை பசை காய்ச்சுறார்” என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிற மாமனார், முதல் தடவையாக நம்பி ஒரு வேலை கொடுத்திருக்கிறார். இதில் ஜெயித்துவிட்டால் அந்தச் சிரிப்புக்கு ஒரு முடிவு கட்டிவிடலாம்.

பெட்டியைச் சுற்றி மூடியின் கோடு நேர்த்தியாக ஓடியது. ஆட்டிப் பார்த்தார். சத்தமில்லை. ஆனால் கனமோ கனம்.

“உள்ளே எதையோ இறுக்கி அடைச்சிருக்காங்க. பழைய பெட்டி போல, மூடியைப் பசை போட்டு ஒட்டியிருக்காங்க. அந்தக் காலத்துல தோலையும் எலும்பையும் காய்ச்சித்தான் பசை எடுத்தாங்க. வெந்நீர் பட்டா இளகிடும், பாரு.”

இளகவில்லை. பெட்டிதான் ஊறி உப்பியது.

“அப்போ அரக்கா இருக்கும். ஸ்பிரிட்டுல கரைஞ்சிடும்.”

கரைந்தது. மூடி அல்ல, மேலே இருந்த பாலிஷ்.

“என்னங்க, எனக்குப் பயமா இருக்கு.”

“சும்மா இரு. யாரோ நடுவுல புதுப் பசை போட்டிருக்காங்க. உன் நகப்பாலிஷ் அழிக்கிற பாட்டிலைக் கொடு.”

மூடியில் வரைந்திருந்த பூங்கொடி வழிந்து மேஜை விரிப்பில் இறங்கியது. தோல் பசை இல்லை, அரக்கு இல்லை, நேற்று வந்த பசையும் இல்லை. மனிதன் கண்டுபிடித்ததில் இது எந்த ரகம்? கணவருக்குப் படித்த படிப்பே சந்தேகமாகிவிட்டது. ஆத்திரத்தில் உளியை வைத்து ஒரு போடு போட்டார்.

பெட்டி பிளந்தது. மூடியின் கோட்டில் அல்ல, மேலிருந்து கீழாக, விறகு மாதிரி.

அழைப்பு மணி அடித்தது. செருப்பைக் கழற்றுவதற்குள் மாமனார் ஆவலாகக் கேட்டார்: “பாத்தீங்களா மாப்பிள்ளை?”

“பாத்துட்டே இருக்கேன் மாமா.”

மாமனார் மேஜையைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

“மன்னிச்சிடுங்கப்பா” என்று மகள் பதறினாள். “உள்ளே என்ன வச்சிருந்தீங்க?”

பின்னால் நின்ற மாமியார்தான் வாயைத் திறந்தார்.

“உள்ளேன்னு ஒண்ணு ஏதுடி? பாக்கப் பெட்டி மாதிரியே இருக்கணும்னு ஒரே கட்டையில செதுக்கினார்டி உங்கப்பா!”